பத்தாண்டுப் பருவம், ஐம்பதாண்டு ஒப்பந்தம்



அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் கோடை விடுமுறை நெருங்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குப் போகிறோம். ஆண்டுதோறும் விடுதிக்குப் பணம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறோம். அதற்குப் பதிலாக ஒரு டைம்ஷேரோ, கேளிக்கைப் பூங்காக்களுக்கு அருகே ஒரு விடுமுறை வீடோ வாங்கிவிட்டால் என்ன? இது ஆவிக்குரிய காரியமன்று என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. பணமும் காலமும் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டவை. இத்தகைய ஒப்பந்தம் அவ்விரண்டையும் நெடுங்காலத்துக்குக் கட்டிப்போடுகிறது.

பிள்ளைகளோடு மகிழ்ந்திருக்க விரும்புவதை நான் குறை கூறேன். அது நல்ல விருப்பம். ஆனால் நல்ல விருப்பத்தின் பெயரால் நீங்கள் எதில் கையொப்பம் இடுகிறீர்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

1991 இல் தொடங்கிய டிஸ்னி வெக்கேஷன் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி நீங்கள் வாங்குவது ஒரு விடுதியின் சிறு பங்கு. நடைமுறையில் உங்களுக்குக் கிடைப்பவை ஆண்டுதோறும் வரவு வைக்கப்படும் புள்ளிகள். நீங்கள் பங்கு வாங்கிய விடுதியில் 11 மாதங்களுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். அக்குழுமத்தின் மற்ற விடுதிகளில் 7 மாதங்களுக்கு முன்பிருந்துதான் செய்ய இயலும். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டும். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியும் உண்டு. பழைய விடுதிகள் பலவற்றுக்கு அது 2042. 2019 இல் திறக்கப்பட்ட ரிவியேராவுக்கு 2070. வேறு நிறுவனங்கள் விற்கும் டைம்ஷேர்கள் பலவற்றுக்கோ முடிவே இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம்; எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. விலை 24,000 டாலர், மீதமுள்ள காலம் 40 ஆண்டுகள் என்றால் ஆண்டுக்கு 600 டாலர் ஆகிறது. ஆண்டுக் கட்டணம் 1,500 எனக் கொண்டால் மொத்தம் 2,100. விடுதி வாடகையோடு ஒப்பிட்டால் இலாபம்போலத் தோன்றும். ஆனால் கட்டணம் ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்ந்தால் 18 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். அதே 24,000 டாலரை 12 சதவீத வட்டியில் 10 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதம் ஏறத்தாழ 344 டாலர் வீதம் 41,000 டாலருக்கு மேல் செலுத்தியிருப்பீர்கள். கடனில் வாங்கிய அன்றே அந்த இலாபக் கணக்கு பொய்த்துவிடுகிறது.

விடுமுறை வீடு இதைவிடப் பாதுகாப்பானது என்று சிலர் கூறுகின்றனர். நிலமும் சுவரும் உங்களுடையவை, வேண்டாதபோது விற்கலாம் என்பது உண்மையே. கிஸ்ஸிமியிலும் டேவன்போர்ட்டிலும் இத்தகைய வீடுகள் ஏராளம். எனினும் எல்லாக் குடியிருப்புகளிலும் குறுகிய கால வாடகைக்கு அனுமதி இல்லை. நிரந்தரக் குடியிருப்புக்குப் புளோரிடா அளிக்கும் சொத்துவரிச் சலுகை விடுமுறை வீட்டுக்குக் கிடையாது. வாடகைக்கு விட்டால் விருந்தினரிடம் மாநில விற்பனை வரியும் மாவட்டச் சுற்றுலா வரியும் வசூலித்துச் செலுத்த வேண்டும். குடியிருப்போர் சங்கக் கட்டணம், மேலாளர் கட்டணம், ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் புயல் காலத்துக்கான காப்பீடு ஆகியவை தனி. வீடு வாங்குவதாக எண்ணி ஒரு சிறு விடுதித் தொழிலைத் தொடங்கிவிடுகிறீர்கள். அதில் ஒரு முரணும் உண்டு. அதிக வாடகை கிடைப்பது பள்ளி விடுமுறை வாரங்களில். உங்கள் பிள்ளைகள் அங்கே தங்க இயல்வதும் அதே வாரங்களில்தான். குடும்பம் தங்கினால் வருமானம் குறையும். வருமானத்தை நாடினால் குடும்பத்துக்கு இடமில்லை.

இவை பணத்தைப் பற்றியவை. என் மனத்தில் பாரமாக இருப்பது காலத்தைப் பற்றியது. வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம். அந்த வயதிலிருந்து, பெற்றோரின் கையைப் பிடித்து நடக்க வெட்கப்படும் வயது வரை எண்ணிப்பாருங்கள்: ஏறத்தாழ பத்து ஆண்டுகள். இன்று ஆறு வயதாயிருக்கும் உங்கள் மகள், 2070 இல் ஒப்பந்தம் முடியும்போது ஐம்பது வயதை எட்டியிருப்பாள். அவளுடைய சிறுபருவத்தைக் காட்டித்தான் விற்பனையாளர் உங்களை இசையவைக்கிறார். விற்கப்படும் ஆண்டுகளில் பெரும்பகுதியிலோ அந்தச் சிறுமி இருக்கமாட்டாள்.

இன்னொன்றையும் எண்ணுங்கள். ஆண்டுக்குக் கிடைக்கும் விடுப்பு சில வாரங்களே. அதே நாட்களுக்காக ஊரில் முதிர்ந்த தாய் தந்தையரும் காத்திருக்கின்றனர். புள்ளிகளை அடுத்த ஆண்டுக்குச் சேமித்து வைக்க வழியுண்டு. பெற்றோரின் ஆண்டுகளைச் சேமித்துவைக்க வழியில்லை. கட்டணம் கட்டிவிட்டோமே, புள்ளிகள் வீணாகுமே என்ற எண்ணம், ஊருக்குப் போக வேண்டிய விடுப்பை ஓசையின்றி ஆர்லாண்டோவுக்குத் திருப்பிவிடும். எங்கே போகலாம் என்று குடும்பமாக அமர்ந்து பேச வேண்டிய உரிமையை ஓர் ஒப்பந்தத்திடம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆகையால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான குடும்பங்கள் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். வீடும் வாடகைக்குக் கிடைக்கும். டிஸ்னி உறுப்பினர்கள் பலர் தாம் பயன்படுத்தாத புள்ளிகளை வாடகைக்கு விடுகின்றனர். அதே அறையில் நாற்பது ஆண்டுக் கடமையின்றி நீங்கள் தங்கலாம். விதிவிலக்கும் உண்டு. பல ஆண்டுகளாகத் தவறாமல் போய்வருபவர், பிள்ளைகள் வளர்ந்த பின்னும் போக விரும்புபவர், கடனின்றிச் செலுத்த வல்லவர், ஓராண்டுக்கு முன்பே திட்டமிடும் இயல்புடையவர் — இந்நான்கும் ஒருங்கே பொருந்துவோருக்கு அது தகுந்த முடிவாகலாம். அவர்களும் மறுவிற்பனை விலையையும் விதிகளையும் முதலில் பார்க்கட்டும். எடுத்துக்காட்டாக, ரிவியேராவின் பங்கை மறுவிற்பனையில் வாங்குபவர் தம் புள்ளிகளை அந்த விடுதியில் மட்டுமே பயன்படுத்த இயலும். வாங்கும்போது மலிவாகத் தோன்றும் இக்கட்டுப்பாடு, விற்கும்போது உங்கள் விலையையும் குறைத்துவிடும்.

இலவச நுழைவுச்சீட்டுக்காக விற்பனைக் கூட்டத்தில் அமர நேர்ந்தால், அன்றே கையொப்பம் இடுவதில்லை என்று கணவனும் மனைவியும் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கையொப்பம் இட்டுவிட்டவர்களும் கலங்க வேண்டாம். புளோரிடாவில் வாங்கிய டைம்ஷேரை, கையொப்பம் இட்ட நாள் அல்லது ஆவணங்கள் அனைத்தும் கைக்கு வந்த நாள், இவற்றில் பிந்தியதிலிருந்து 10 நாட்களுக்குள் எழுத்துமூலம் இரத்துச்செய்யச் சட்டம் இடமளிக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும்படி எவரும் உங்களைக் கேட்க முடியாது.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப் பற்றி நம் ஆண்டவர் பேசினார். அவன் செய்யும் முதல் வேலை உட்காருவது. இந்த வாரம் நீங்களும் உட்காருங்கள். இனி வரும் பத்துக் கோடைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் யாரோடு, எங்கே கழிக்க விரும்புகிறீர்கள் என்று பிள்ளைகளையும் கேட்டுக் குறித்துவையுங்கள். எத்தனை கோடைகளுக்கு எதிரே ஆர்லாண்டோ இருக்கிறது என்று எண்ணிய பின்பு முடிவெடுங்கள். அம்முடிவில் கர்த்தர் உங்களுக்குத் தெளிந்த ஞானத்தைத் தந்தருள்வாராக.