ஓய்வுப் பணம் மலையேறலாமா?

போடி பஸ் நிலையம் அருகே ஒரு டீக்கடை. போன மாதம் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் சுளையாக 30 லட்சம் ரூபாய். "சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் ஒண்ணு வெலைக்கு வருது சார். முடிச்சுடலாம்னு இருக்கேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். முறைத்தார். போடிக்காரரிடம் ஏலக்காயைக் குறை சொல்வது மதுரைக்காரரிடம் மல்லிகையைக் குறை சொல்வது மாதிரி!

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7 ஆயிரம் ரூபாயைத் தொட்டது. 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே! கூலியும் உரமும் மருந்தும் அப்படி இறங்கியதா? இல்லை. புதுச்செடி வைத்தால் காய் பார்க்க மூன்றாம் வருஷம். 2024 கோடையில் இடுக்கி மலையில் செடி கருகியதைப் போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 60 வயதுக்கு மேல் போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்கி வேலை வாங்க முடியுமா? முதலாளி ஏறாத தோட்டத்துக் காய் யார் வீட்டுக்குப் போகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

"சரி, பிளாட் வாங்கிப் போடறேன்" என்றார். வாங்கலாம். விலை ஏறவும் செய்யும். ஆனால் விற்கிற வரைக்கும் வீட்டுக்கு ஒரு படி அரிசி வராது. ஓய்வு பெற்றவருக்கு வேண்டியது வாடகை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. 'ரீட்' என்கிறார்கள். வாடகை டிரஸ்ட் என்று வைத்துக் கொள்ளுங்களேன். சென்னை வடபழனியில் விஜயா மால் பார்த்திருப்பீர்கள். அது நெக்சஸ் செலக்ட் டிரஸ்டின் சொத்துகளில் ஒன்று. 2023 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது. யூனிட் வாங்கியவர் போடியில் இருந்தாலும் அந்தக் கடை வாடகையில் அவருக்கும் ஒரு துளி உண்டு.

'செபி' 2014-ல் இதற்கு விதி போட்டது. சொத்தில் 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை வருகிறதாக இருக்க வேண்டும். பங்கிடத்தக்க பணத்தில் 90 சதவீதத்தை யூனிட்காரர்களுக்குக் கொடுத்தே தீர வேண்டும். ஆரம்பத்தில் 2 லட்சம் ரூபாய் இருந்தால்தான் உள்ளே போகலாம். 2021-க்குப் பிறகு ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். டிமேட் கணக்கு மட்டும் வேண்டும்.

'டிரஸ்ட்', 'யூனிட்' என்றதும் வாத்தியார் முகம் சுருங்கியது. காரணம் உண்டு. தேக்கு மரம் வளர்த்துப் பணத்தைப் பல மடங்காக்குகிறோம் என்ற அனுபவ் பிளாண்டேஷன்ஸ் 1998-ல் கவிழ்ந்தது. நிலம் தருகிறோம் என்று வசூலித்த பி.ஏ.சி.எல். 49 ஆயிரம் கோடிக்கு மேல் திருப்பித் தரவேண்டும் என்று 2014-ல் செபி உத்தரவிட்டது. சூடு கண்டவர்கள் பயப்படத்தான் செய்வார்கள்.

அங்கே இத்தனை ரூபாய் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வாடகைக்காரன்தான் இல்லை! இங்கே வாடகைக்காரன் உண்டு, வாக்கு கிடையாது. வீடு தேடி வந்து 'ரீட்' என்று சொல்லி, நிச்சய லாபம் என்று யாராவது ரசீது நீட்டினால் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆள் எழுந்து போய்விடுவார்.

இதிலும் மேடு பள்ளம் உண்டு. முதலில் வந்த எம்பசி ரீட் 2019-ல் 300 ரூபாய்க்கு விற்றது. 2020 தொடக்கத்தில் 500-ஐத் தொட்டது. கொரோனா வந்து ஆபீஸ்கள் காலியாயின. 2023-ல் மறுபடி 300-ஐச் சுற்றித்தான் நின்றது. ஆனால் இடைப்பட்ட வருஷங்களில் யூனிட்டுக்கு வருஷம் 20 ரூபாய்க்குக் குறையாமல் வாடகைப் பணம் வந்துகொண்டே இருந்தது. மகள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் எடுக்க வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால் நாலில் ஒரு பங்குக்கு மேல் போடச் சொல்லமாட்டேன். மீதிக்குத் தபால் ஆபீஸ் இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பை 2023-ல் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்களே!

வாத்தியார் டீயை முடித்தார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவைதானா வரும்? மளிகைக் கடைக்காரர் மாசா மாசம் கேப்பாரே?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதற்கும் தபால் ஆபீசில் மாதாந்திர வருமானத் திட்டம் இருக்கிறது என்றேன். தோட்டத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க எடுத்து வந்த கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.