ஓப்பனிங் பேலன்ஸ் நில்!

கல்யாணமான ஆண்களிடம் கிரிக்கெட் பற்றிக் கேளுங்கள், அரை மணி பேசுவார்கள். மியூச்சுவல் ஃபண்ட் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி பேசுவார்கள். மனைவி சாப்பிடும் கருத்தடை மாத்திரை பற்றிக் கேட்டால் மட்டும், "அது அவ டிபார்ட்மெண்ட் சார்" என்று ஃபைலை மூடிவிடுவார்கள்.

நண்பர் ஒருவர் (பேர் வேண்டாம், பாவம்) புனே பிராஞ்சில் டெபுடேஷனில் இருந்தார். மனைவி சென்னையில். 'ஆளே ஊர்ல இல்ல, மாத்திரை எதுக்கு?' என்று அந்த அம்மா நிறுத்திவிட்டார். நியாயம்தானே? தீபாவளிக்கு நண்பர் பத்து நாள் லீவில் வந்தார். அன்று ராத்திரியே பழைய அட்டையைத் தேடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து விழுங்க ஆரம்பித்தார்கள்.

பொங்கலுக்கு நண்பர் போன் பண்ணினார். "ஏன்யா, மாத்திரை போட்டும் எப்படிய்யா?"

அந்த மாதம்தான் மனைவிக்கு வேலைக்கான ஆர்டர் வந்திருந்தது. கடைசிவரை ஜாயின் பண்ணவில்லை.

நான் வெறும் பி.காம். ஆனால் இது டாக்டர் கணக்கைவிட காமர்ஸ் கணக்கு மாதிரிதான் இருக்கிறது. இடையில் நிறுத்திவிட்டால் பழைய பாதுகாப்பு கேரி ஃபார்வர்டு ஆகாது. ஓப்பனிங் பேலன்ஸ் நில்!

தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடனே வேலை செய்கிற சமாசாரம் இல்லை இது. மாலா-என், மாலா-டி போன்ற மாத்திரைகள் முக்கியமாகச் செய்வது, சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளியே வராமல் தடுப்பது. அதற்கு 7 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மாதவிலக்கு தொடங்கிய 5 நாளுக்குள் புது அட்டையை ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. வேறு நாளில் ஆரம்பித்தால், முதலில் கர்ப்பம் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, அடுத்த 7 நாளைக்கு ஆணுறை. இல்லையென்றால் பிரம்மச்சரியம்.

"பத்து நாள் லீவுல ஏழு நாளா!" என்று அலறாதீர்கள். ஊருக்கு டிக்கெட் புக் பண்ணும்போதே வீட்டுக்குப் போன் பண்ணித் தேதி சொல்லிவிடுங்கள். லீவுக்கு முந்தின மாதவிலக்கிலேயே அவர் ஆரம்பித்துவிடலாம். அதுவும் முடியவில்லையா? நிரோத் 1968-லேயே வந்துவிட்டது சார். மெடிக்கல் ஷாப்பில் நின்று இன்னும் "அது... அது ஒண்ணு" என்று இழுத்தால், கடைக்காரர் விக்ஸ்தான் கொடுப்பார்.

இன்னொரு கோஷ்டி உண்டு. "தொடர்ந்து சாப்பிட்டா உடம்புல தங்கிடுமாம், அப்பப்ப ரெஸ்ட் கொடுக்கணுமாம்." சொன்னது யார்? எதிர்வீட்டு மாமி. மாத்திரை உடம்பில் சேர்ந்து தங்குவதில்லை. ரெஸ்ட் கொடுப்பதால் லாபமும் இல்லை. நஷ்டம் உண்டு. இந்த மாத்திரையால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாவது அபூர்வம்தான். ஆனால் அந்த ஆபத்து அதிகமாக இருப்பது ஆரம்பித்த முதல் சில மாதங்களில். 4 வாரம், அதற்கு மேல் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தால், அந்த ஆபத்தும் மறுபடி முதலிலிருந்து. விட்டு விட்டுச் சாப்பிடுவதுதான் மோசம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையைப் பாருங்கள். 28 மாத்திரை. 21 ஹார்மோன், 7 வெறும் இரும்புச் சத்து. தினமும் விழுங்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்றுதான் அந்த ஏழு. 28 முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. அங்கே நாலு நாள் சோம்பினால் ஆபத்து.

2016-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்த 'சாயா' வேறு ரகம். லக்னோவில் கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அதிலும் 7 நாளுக்கு மேல் தவறிவிட்டால் மறுபடி வாரம் இரண்டிலிருந்து, புது கஸ்டமர் மாதிரி!

ஹார்மோன் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்குமுன் ஒரு சின்ன ஆடிட் உண்டு. பி.பி. ஏறியிருக்கிறதா? கண்ணில் மின்னல் வெட்டுகிற ஒற்றைத் தலைவலி வருகிறதா? காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தது உண்டா? 6 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை தாய்ப்பால் குடிக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. போன வருஷம் ஒத்துக்கொண்ட மாத்திரை இந்த வருஷம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை.

மாத்திரை அவர் டிபார்ட்மெண்ட்டாகவே இருக்கட்டும் சார். முதல் ஏழு நாள் உங்க டிபார்ட்மெண்ட். அதற்கு லீவ் லெட்டர் செல்லாது!