தன் வழக்கில் தானே கை தூக்குவதா?

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு கவுன்சிலின் இம்மாதத் தலைவர் அவர்களுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லாமல் பதவியைச் சொல்லி எழுதக் காரணம் உண்டு. நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி மாதத்துக்கு ஒருமுறை கைமாறுகிறது. பதினைந்து நாடுகளும் ஆங்கில அகரவரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக அதில் அமர்கின்றன. நான் கேட்கப்போவது இந்த மாதம் அமர்ந்திருப்பவரால் செய்யக்கூடியது. அவர் செய்யத் தவறினால் அடுத்த மாதம் அமர்பவரால் செய்யக்கூடியது. கவுன்சிலைச் சீர்திருத்தும்படி உரிய வழிகளில் வைக்கப்பட்ட கோரிக்கைகளின் கதி உங்களுக்குத் தெரியும். 1993இல் பொதுச்சபை அதற்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2009 முதல் அரசுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தை நடந்துவருகிறது. 2024 செப்டம்பரில் உலகத் தலைவர்கள் ஏற்றுக்கொண்ட எதிர்காலத்துக்கான ஒப்பந்தமும் சீர்திருத்தம் அவசரத் தேவை என்று ஒப்புக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசியும் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. மூடிய அறைகளுக்கு மனு அனுப்பிக் காத்திருந்தவர்களின் பொறுமை தீர்ந்துவிட்டது. எனவே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சாசனத்தின் 27ஆம் பிரிவையும் கவுன்சிலின் நடைமுறை விதி 20ஐயும் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. அவற்றின் சாரம் எந்தக் கிராமத்துப் பஞ்சாயத்திலும் ஒப்புக்கொள்ளப்படும் ஒன்றுதான்: வரப்புத் தகராறில் ஒரு தரப்பாக வந்து நிற்பவர் அன்றைக்கு நாட்டாமையாக உட்காரக் கூடாது, தீர்ப்பில் கை தூக்கவும் கூடாது. ஆகவே விதிகளை விட்டுவிட்டு ஒரே ஒரு நாளை உங்கள் முன் வைக்கிறேன். 2022 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த மறுநாள். அன்று மாலை நியூயார்க்கில் அந்தக் குதிரை லாட வடிவ மேசையில் தலைமை வகித்தவர் ரஷ்யாவின் நிரந்தரப் பிரதிநிதி வசிலி நெபென்சியா. பிப்ரவரி ரஷ்யாவின் முறை. படையெடுப்பைக் கைவிட்டுத் துருப்புகளைத் திரும்பப் பெறும்படி ரஷ்யாவைக் கோரும் வரைவுத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டவர் அவரே. ஆதரவாக 11 கைகள் உயர்ந்தன. எதிராக உயர்ந்தது ஒரே கை, தலைவரின் கை. சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் நடுநிலை வகித்தன. நிரந்தர உறுப்பினர் ஒருவர் எதிர்த்து வாக்களித்ததால் வரைவு நிறைவேறவில்லை என்று அதே தலைவர் அறிவித்தார். வாக்களிக்கச் சொன்னவர் அவர், எதிர்த்து வாக்களித்தவர் அவர், முடிவை வாசித்தவரும் அவர். படையெடுத்த நாடும் அவருடையது.

இதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 23 இரவு, போரைத் தடுக்கும் கடைசி முயற்சியாகக் கவுன்சில் அவசரமாகக் கூடியிருந்தது. அப்போதும் தலைமை அவரே. உறுப்பினர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாஸ்கோவில் விளாதிமிர் புதின் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’யை அறிவித்துவிட்டார். உக்ரைன் தூதர் செர்ஹி கிஸ்லித்ஸ்யா தலைவரை நோக்கி, உங்கள் வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவை இப்போதே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள் என்றார். தலைமைப் பொறுப்பை ஒப்படைத்து விலகுங்கள் என்றார். இந்த நேரத்தில் அமைச்சரை எழுப்பப் போவதில்லை என்று பதில் வந்தது. தாக்கப்படும் நாட்டின் தூதர், தாக்கும் நாட்டின் தூதரிடம் பேச அனுமதி பெற்று, அவரையே ‘தலைவர்’ என்று விளித்துப் பேச வேண்டியிருந்தது. கவுன்சில் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதால் அது பழகியும் விட்டது. 2024 ஜூலை 8இல் கீவ் நகரத்தின் ஒக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனை ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளானது. மறுநாள் கவுன்சில் அதைப் பற்றி விவாதித்தபோது தலைமை வகித்ததும் ரஷ்யாதான். இடிந்த மருத்துவமனைக்கு நியாயம் கேட்டு வந்தவர்கள் யாரிடம் கேட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இது ரஷ்யாவை மட்டும் குறிவைத்து எழுதும் கடிதம் அல்ல. அந்த வெள்ளிக்கிழமை விதியைச் சுட்டிக்காட்டிய குரல்கள் இல்லாமல் இல்லை. ஆனால், தகராறில் தரப்பாக இருப்பவருக்கு வாக்கு உண்டா என்று முறைப்படி கேட்டு, தீர்ப்பு வரும்வரை வாக்கெடுப்பை யாரும் நிறுத்தவில்லை. வாஷிங்டனும் லண்டனும் பாரிஸும் அன்று கடும் சினத்தோடுதான் பேசின. கையிலிருந்த விதியை மட்டும் எடுக்கவில்லை. ஏன் என்பதற்குப் பதில் அவர்களுடைய வரலாற்றில் இருக்கிறது. 1956இல் சூயஸ் விவகாரத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் வீட்டோவைப் பயன்படுத்தின. சில நாட்களிலேயே ஹங்கேரி விவகாரத்தில் சோவியத் ஒன்றியம் பயன்படுத்தியது. 1983இல் கிரெனடாவுக்குள் படை நடத்திய அமெரிக்கா அதைக் கண்டித்த தீர்மானத்தை வீழ்த்தியது. 1989இல் பனாமாவிலும் அப்படியே. எல்லாவற்றிலும் மோசமானது 1986. நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் ஜூன் 27 அன்று அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குக் கீழ்ப்படியச் சொன்ன வரைவை, அதே ஆண்டு அக்டோபரில், தோற்ற தரப்பான அமெரிக்காவே தன் வாக்கால் தடுத்தது. 11 நாடுகள் ஆதரித்திருந்தன. ரஷ்யாவின் கையை இன்று இறக்கச் சொன்னால் நாளை தங்கள் கையையும் இறக்க வேண்டும். நிரந்தர உறுப்பினர் ஐவரும் இந்த ஒன்றில் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

விதி ஏட்டுச் சுரைக்காய், நடைமுறைக்கு உதவாது என்று உங்கள் ஆலோசகர்கள் சொல்லக்கூடும். அது உண்மையில்லை. 1946 பிப்ரவரியில் சிரியா, லெபனான் மண்ணிலிருந்து பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறுவது பற்றிய தீர்மானம் வந்தபோது பிரிட்டனும் பிரான்ஸும் வாக்களிக்காமல் விலகி நின்றன. 1947இல் கோர்ஃபு கால்வாய் விவகாரத்தில் அல்பேனியாவோடு மோதிய பிரிட்டன் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. 1960இல் நாஜி அதிகாரி ஐக்மன் கடத்தப்பட்ட விவகாரத்தைக் கொண்டுவந்த அர்ஜென்டினா, கவுன்சில் உறுப்பினராக இருந்தும், தன் புகார் மீதான தீர்மானத்தில் வாக்களிக்கவில்லை. பேரரசுகளாக இருந்த காலத்திலேயே பின்பற்ற முடிந்த ஒழுக்கம் இது. அதற்குப் பிறகு விதி மாறவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஒழுங்குப் பிரச்சினை எழுப்பப்பட்டால் உடனே தீர்ப்புச் சொல்வது தலைவரின் கடமை. அதை எதிர்ப்பவர்கள் அதைப் புரட்டிப் போடும் அளவுக்கு வாக்குகளைத் திரட்ட வேண்டும். திரட்டாவிட்டால் தலைவரின் தீர்ப்பு நிற்கும். இந்த அதிகாரம் நிரந்தர உறுப்பினருக்கு எதிராகவே பயன்பட்டிருக்கிறது. 1950 செப்டம்பர் 29 அன்று, தைவான் பற்றிய புகாரை விவாதிக்க மக்கள் சீனத்தின் பிரதிநிதியை அழைப்பதா என்று வாக்கெடுத்தபோது, அன்று சீன நாற்காலியில் இருந்த தேசியவாத அரசின் தூதர் எதிர்த்து வாக்களித்து, அது வீட்டோ என்றார். தலைமை வகித்த பிரிட்டனின் கிளாட்வின் ஜெப் அது வீட்டோ ஆகாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு நின்றது, தீர்மானம் நிறைவேறியதாகப் பதிவானது. அதற்காகக் கவுன்சில் உடைந்து போய்விடவில்லை.

வீட்டோ இருப்பதால்தான் வல்லரசுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன, அதில் கை வைத்தால் எழுந்து போய்விடுவார்கள் என்பது நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் எச்சரிக்கை. அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேசச் சங்கத்தில் அமெரிக்கா கடைசிவரை சேரவேயில்லை. பின்லாந்தைத் தாக்கியதற்காக 1939 டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தை அந்தச் சங்கம் வெளியேற்றியது. அதனால் பின்லாந்துக்குப் பெரிய பலன் எதுவும் கிட்டவில்லை. ஆனால் இங்கே யாரையும் வெளியேற்றச் சொல்லவில்லை, வீட்டோவை ஒழிக்கவும் சொல்லவில்லை. பிறர் தகராறுகளில் ஐவரும் தங்கள் அதிகாரத்தை வைத்துக்கொள்ளட்டும். தங்கள் சொந்தத் தகராறில், அதுவும் அமைதி வழியில் தீர்வு கேட்கும் தீர்மானத்தில், வாக்களிக்காமல் இருக்கட்டும். 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் அவர்களே கையெழுத்திட்ட வரையறை இது. சாசனத்தில் ஒரு எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை. ஐவரின் ஒப்புதல் தேவைப்படும் அந்த முட்டுச்சந்துக்குள் போகவே வேண்டியதில்லை.

இந்த விலக்கு, அமைதி வழித் தீர்வு பற்றிய சாசனத்தின் ஆறாம் அத்தியாயத் தீர்மானங்களுக்கு மட்டும்தானே என்பது அடுத்த மறுப்பு. ஆம், பெரும்பாலும் அப்படித்தான். 2022 பிப்ரவரி வரைவிலிருந்து கட்டாய நடவடிக்கைகளுக்கான ஏழாம் அத்தியாயக் குறிப்பு வாக்கெடுப்புக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. கண்டனச் சொல்லும் மென்மையாக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ‘ஆறாம் அத்தியாயத்தின் கீழ்’ என்று மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால் விவாதம் வேறு திசையில் போயிருக்கும். எந்த அத்தியாயம் என்று சொல்லாமல் மழுப்புவது கவுன்சிலில் வழக்கமாகிவிட்டது. அந்த மழுப்பலில் ஒளிந்துகொண்டுதான் தரப்புகள் வாக்களிக்கின்றன. ரஷ்யா தரப்பா இல்லையா என்ற கேள்விக்கும் இடமில்லை. 51ஆம் பிரிவின்படி தற்காப்புக்காகவே நடவடிக்கை என்று ரஷ்யாவே கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவித்தது. தற்காப்புக்காகப் போர் செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர், தகராறில் நான் ஒரு தரப்பு என்று தானே ஒப்புக்கொண்டவர். இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்தத் தலைவருக்கும் கிடைக்காது.

காசாவைப் பற்றி மௌனம் சாதித்துவிட்டு உக்ரைனுக்காக மட்டும் பேசுகிறீர்களா என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. 2025 ஜூன் 4இல் காசாவில் நிரந்தரப் போர்நிறுத்தம் கோரிய வரைவுக்கு 14 நாடுகள் கை தூக்கின. அமெரிக்கா ஒன்று மட்டும் எதிர்த்து அதை வீழ்த்தியது. ஆயுதம் தருகிறவர் தரப்பாவாரா என்பது வாதத்துக்குரியது. இந்த விதி அவரைப் பிடிக்காமல் போகலாம். அதற்கு வேறு வழி வேண்டும்; பெருந்திரளான கொடுமைகளின்போது வீட்டோவை நிறுத்திவைக்க பிரான்ஸும் மெக்சிகோவும் முன்வைத்த யோசனை ஒன்று. ஒரு விதி எல்லா அநீதியையும் பிடிக்காது என்பதற்காக, பிடிக்கக்கூடியதையும் விட்டுவிடுவதில் என்ன நியாயம்? நிரந்தர உறுப்பினர் அல்லாதவர்களும் இந்த விஷயத்தில் தூய்மையானவர்கள் அல்ல. 1994இல் ருவாண்டாவில் துத்சிகள் கொன்று குவிக்கப்பட்டபோது, கொலைகளை நடத்திய அரசின் தூதர் கவுன்சிலில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். ஏப்ரல் 21இல் அங்கிருந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கும் 912ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவருடைய வாக்கும் அதில் சேர்ந்தது. மே மாதம் ஆயுதத் தடை வந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ருவாண்டா. அன்றும் யாரும் அவரை விலகியிருக்கச் சொல்லவில்லை. இந்தியாவுக்கு நிரந்தர இடம் கிடைப்பதையே முழுச் சீர்திருத்தமாக நினைக்கும் நம்மவர்களும் இதை யோசிக்க வேண்டும். ஐந்து நாற்காலியைப் பத்தாக்கினாலும், தன் வழக்கில் தானே வாக்களிக்கும் உரிமை தொடர்ந்தால், அந்த அவமானம்தான் இரட்டிப்பாகும்.

தலைவரே, நெபென்சியா வாக்களித்ததால் என்ன குறைந்துவிட்டது, வாக்களிக்காவிட்டாலும் டாங்கிகள் நின்றிருக்குமா என்று கேட்காதீர்கள். நின்றிருக்காது. ஆனால் 11 வாக்குகளோடு அந்தத் தீர்மானம் கவுன்சிலின் சொல்லாகப் பதிவாகியிருக்கும். அதற்குப் பதில் விவகாரம் பொதுச்சபைக்குத் தள்ளப்பட்டது. மார்ச் 2 அன்று 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன, 5 நாடுகள் எதிர்த்தன. உலகின் பெரும்பான்மை சொன்னதைச் சொல்ல உங்கள் மேசையால் முடியவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரி 24இல், அந்த மேசை நிறைவேற்றிய 2774ஆம் தீர்மானம் போர் விரைவில் முடிய வேண்டும் என்றது. படையெடுத்தது யார் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய நாடுகள் கொண்டுவந்த சில திருத்தங்களை எதிர்த்து வாக்களித்து வீழ்த்தியதும் ரஷ்யாதான். மறுபடியும் அதே கை, மறுபடியும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாற்காலியில் பெரும்பாலான மாதங்கள் அமர்வது ஐவர் அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட பத்து நாடுகள். பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வாங்கி வந்தவர்கள். வல்லரசுகள் முகம் சுளிக்குமே என்று அஞ்சி வாயைத் திறக்காமல் இருக்கவா அந்த நாடுகள் உங்களை அனுப்பின? அடுத்த முறை தன் போரைப் பற்றிய தீர்மானத்தில் ஒருவர் கை தூக்கப் போகும்போது, வாக்கெடுப்பைத் தொடங்கும் முன் அவரைப் பார்த்துக் கேளுங்கள்: இந்தத் தகராறில் நீங்கள் தரப்பா, இல்லையா? பதிலைப் பதிவு செய்யுங்கள். தரப்பு என்றால் உங்கள் வாக்கு எண்ணப்படாது என்று தீர்ப்புச் சொல்லுங்கள். தரப்பாக இருப்பது உங்கள் நாடாகவே இருந்தால், யாரும் கேட்கும் முன் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுங்கள். இதைச் செய்ய உங்களுக்குத் துணிவு இல்லையென்றால், அதையாவது மறைக்காதீர்கள். வீட்டோ விழுந்த 10 வேலை நாளுக்குள் பொதுச்சபை கூட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் முடிவாகியிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நீங்களே வந்து, 193 நாடுகளின் முன் நின்று, ஒரு தரப்பை ஏன் வாக்களிக்க விட்டீர்கள் என்று பதில் சொல்லுங்கள்.