கலப்படமில்லாத கருப்பட்டியும் கலவைதான்

"சீனியைத் தொட்டே ரெண்டு வருஷமாச்சு சார். காப்பிக்குக் கருப்பட்டிதான். அதுவும் வேம்பார் கருப்பட்டி, சுத்தமானது."

இதைச் சொல்லாத சுகர் நோயாளியை இந்தக் கடற்கரைப் பக்கம் பார்ப்பது அபூர்வம். கையிலிருக்கும் ரிப்போர்ட்டில் மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 10-ஐத் தாண்டியிருக்கும். மாத்திரை சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

'சுத்தம்' என்ற சொல்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கிறது. கடைத்தெருவில் சுத்தம் என்றால் கலப்படம் இல்லை என்று பொருள். பள்ளிக்கூட வேதியியலில் தூய பொருள் என்றால் ஒரே பொருள் மட்டும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில், நாம் திட்டித் தீர்க்கிற வெள்ளைச் சீனிதான் தூய்மையானது. 99 சதவீதத்துக்கு மேல் சுக்ரோஸ். கருப்பட்டி ஒரு கலவை.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை மணிக்கணக்கில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். தண்ணீர்தான் ஆவியாகிப் போகிறது. பனை கொடுத்த சர்க்கரை, தாது உப்புகள், சூட்டில் உண்டான நிறமும் மணமும் எல்லாம் உள்ளேயே நிற்கும். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு சுக்ரோஸ். கலவையில் சேர்ந்ததால் எந்தப் பொருளும் தன் குணத்தை விட்டுவிடாது. சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான், குடலுக்குப் போனால் அதே குளுக்கோஸ்தான்.

கருப்பட்டியில் சீனியைக் கலந்து ஏமாற்ற முடிகிறதே, அது எப்படி? இரண்டிலும் பெரும்பங்கு ஒரே சரக்கு என்பதால்தான் நாக்குக்குப் பிடிபடுவதில்லை. (அந்தக் கலப்படத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் பனையேறுகிறவரின் வயிற்றில் அடிக்கிற வேலை அது.) ஆனால் கலப்படமே இல்லாத கருப்பட்டியும் சுகர் நோயாளிக்குச் சீனிதான்.

"இரும்புச்சத்து இருக்கே சார்?" இருக்கிறது. காப்பியில் போடுகிற அளவில் அது எந்த மூலைக்கு? ஒரு பிடி முருங்கைக்கீரை வதக்கிச் சாப்பிடுங்கள், மரம் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது.

"சரி, அப்போ பனங்கற்கண்டு?" அது இன்னும் மோசம். பாகை வாரக்கணக்கில் பானையில் விட்டால் சுக்ரோஸ் தனியே படிகமாகும், மற்றதெல்லாம் கழிவுப் பாகில் தங்கிவிடும். பக்கத்து உப்பளத்தில் உப்பு விளைந்ததும் கசப்பு நீரை வடித்து விடுகிறார்களே, அதே வித்தைதான். கலவையிலிருந்து கிட்டத்தட்டத் தூய சர்க்கரையைப் பிரித்து, இருமலுக்கு நல்லதென்று பாலில் போட்டுக் குடிக்கிறோம்.

சுகர் இல்லாதவர்கள் தாராளமாக வேம்பார் கருப்பட்டி வாங்குங்கள், சீனியைப்போல அளவாக. அந்த மணத்துக்கு ஈடு கிடையாது, நானும் வாங்குகிறேன். சுகர் உள்ளவர்கள் இப்படிக் கணக்குப் போடுங்கள்: ஒரு காப்பிக்கு 20 கிராம் கருப்பட்டி என்றால் சுமார் 15 கிராம் சுக்ரோஸ். நாளைக்கு மூன்று காப்பிக்கு 45 கிராம். அடுத்த முறை ரிப்போர்ட்டோடு வரும்போது மாத்திரைச் சீட்டை மட்டும் காட்டாதீர்கள், காப்பிக் கணக்கையும் சொல்லுங்கள்.