ஏட்டு விமானம் வானேறுமா?

பள்ளி மணி அடிக்கவில்லை. பாட வேளையும் முடியவில்லை. ஆயினும் பிள்ளைகள் திடலை நோக்கி ஓடுகிறார்கள். தடுக்க எனக்கு மனமில்லை. ஆசிரியனாகிய நானும் அவர்கள் பின்னே ஓடுகிறேன். வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழுகிறது. முதலில் தீயொளி, பிறகு வானிலே வெண்புகைக் கோடு. கவரைப்பேட்டைச் சிறுவர்களுக்கு வாய்த்த காட்சி இது. பாடநூலில் படிக்கும் விஞ்ஞானம் எங்கள் பள்ளித் திடலுக்கு மேலேயே எழுந்து நிற்கிறது!

அதே திடலில், சில நாட்களுக்குப் பின் ஒரு விழா. பெரியவர் ஒருவர் பேசினார். "ராக்கெட் என்ன பெரிய புதுமை? ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் முனிவர்கள் விமானம் கட்டிப் பறந்தார்கள். உலோகமும் கண்டார்கள், உலகங்களுக்கிடையே பயணமும் செய்தார்கள். எல்லாம் நம் சாஸ்திரத்திலே இருக்கிறது!" என்றார். கைதட்டல் எழுந்தது. தட்டியவர்களிலே பட்டம் பெற்றோரும் இருந்தனர்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். கும்மிடிப்பூண்டி இரும்பாலையிலே உலையருகே நின்று உழைக்கும் தொழிலாளியின் மகன். "சார், அப்பவே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டாங்கன்னா, நாம எதுக்கு சார் இப்ப கஷ்டப்பட்டுப் படிக்கணும்?" என்று கேட்டான்.

தோழர்களே! பழமைப் பெருமை பேசுவோரை நான் குற்றஞ்சாட்டுவது இதற்காகத்தான். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது மட்டுமன்று. அந்தப் பொய், படிக்க வேண்டிய பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பறிக்கிறது. அவனுக்கு அன்று நான் சொன்ன விடையை நாட்டுக்கும் சொல்கிறேன்.

எந்தச் சாஸ்திரம்? 'வைமானிக சாஸ்திரம்' என்ற நூலைக் காட்டுகிறார்கள். பரத்துவாச முனிவர் அருளியதாம்! அது வெளிவந்த வரலாறு என்ன? சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்லச் சொல்ல, 1918க்கும் 1923க்கும் இடையிலே எழுதப்பட்டது அது. அதிலுள்ள விமானப் படங்கள் 1923இல் பெங்களூரில் ஒரு வரைவாளர் வரைந்தவை. ரைட் சகோதரர்கள் பறந்து காட்டிய ஆண்டோ 1903. விமானம் பறந்த பிறகு பிறந்த விமான சாஸ்திரம் இது!

1974இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆராய்ச்சியாளர்கள் இந்நூலை ஆராய்ந்தனர். எள்ளி நகையாடி ஒதுக்கவில்லை. அதுதான் அவர்களது பெருமை. மொழிநடையைப் பார்த்தனர், நூலின் வயதைக் கணித்தனர், சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்ற நான்கு விமானங்களின் வடிவத்தையும் எடையையும் இயக்கத்தையும் பறத்தல் விதிகளோடு ஒப்பிட்டனர். முடிவு? நூல் 1904க்கு முற்பட்டதன்று. நான்கில் ஒன்றும் பறக்கும் தகுதி உடையதன்று. வடிவமோ காற்றைக் கிழித்துச் செல்லத் தகாதது. இயக்கும் முறையோ பறப்பதற்கு உதவாமல் தடுக்கக்கூடியது.

வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 41 ஆண்டுகள் கழித்து, 2015 சனவரியில், மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டின் மேடையிலேயே, பழங்கால விமானம் கோளுக்குக் கோள் பறந்ததென்று கட்டுரை படித்தார்கள்! சோதித்துப் பொய்யெனக் கண்டது, மாலை மரியாதையோடு மீண்டும் மேடையேறுகிறது. அந்த மேடையில் ஏறியதுதான் எங்கள் பள்ளித் திடலுக்கும் வந்து சேர்ந்தது.

"தமிழன் பழமையை மட்டும் விட்டுவிடுவாயோ?" என்று கேட்கலாம். விடமாட்டேன். சீவக சிந்தாமணியிலே மயிற்பொறி பறக்கிறது. அரசி விசயை அதிலேறித் தப்புகிறாள். அழகான கற்பனை! திருத்தக்க தேவரின் கவியுள்ளத்தைப் போற்றுகிறேன். ஆனால் மயிற்பொறியைக் காட்டி, 'தமிழனே விமானம் கண்டான்' என்று எவரேனும் முழங்கினால், அவரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்பேன்: என்ன உலோகம்? எவ்வளவு எடை? எந்த விசை தூக்கிற்று? நம்முடைய பொய் என்பதால் அது மெய்யாகிவிடாது.

பறப்பது எளிதன்று. இரும்பு உலையருகே நிற்கும் தந்தைக்கு வெப்பம் உலோகத்தை என்ன செய்யும் என்பது தெரியும். விண்ணிலிருந்து திரும்பும் கலத்தின் முகப்போ, இரும்பு உருகும் சூட்டையும் தாங்க வேண்டும். மிகுவேகத்தில் வரும் கலத்தின் முன்னே காற்று நசுங்கிக் கொதிக்கிறது. அதைத் தாங்கக் கரிநார்த் தகடு வேண்டும்; அத்தகடு காற்றுப் பட்டு எரிந்துபோகாமலிருக்கச் சிலிக்கன் கார்பைடு மேற்பூச்சு வேண்டும்; காற்று எப்படி ஓடும், எங்கே சூடு மிகும் என்ற கணக்கு வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் உயிர் போகும்.

போயிற்று. கல்பனா சாவ்லாவை அறிவீர்கள். அரியானாவின் கர்னாலில் பிறந்து, சண்டிகரில் விமானப் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் காற்றோட்டத்தைக் கணிப்பொறியால் ஆராய்ந்த பெண். 2003 சனவரி 16இல் கொலம்பியா விண்கலம் எழுந்தது. சுமார் 82 வினாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடச்சிறகின் முன்விளிம்பில் மோதிற்று. அதன் எடை ஒரு கிலோகூட இல்லை. பொறியாளர் சிலர் ஐயுற்றனர். விண்ணிலிருக்கும் கலத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டுமென்றனர். மேலிடம் இணங்கவில்லை. ஏன்? 'முன்பும் நுரை விழுந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே!'

இந்தக் குரலை எங்கோ கேட்டதில்லையா? 'முன்னோர் செய்தார்கள், ஒன்றும் ஆகவில்லையே' என்று நம் வீட்டுத் திண்ணைகளில் ஒலிக்கும் அதே குரல்! அமெரிக்காவிலே புகுந்தாலும் அது மூடநம்பிக்கைதான். பிப்ரவரி 1 அன்று கலம் திரும்பியபோது, சிறகின் ஓட்டை வழியே சூடான காற்று உட்புகுந்தது. கல்பனா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர்.

ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். விதி என்று அழுது முடிக்கவில்லை. அதே வகைத் தகட்டை நிறுத்தி, அதே வகை நுரையை மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் எறிந்தனர். சூலை 7 அன்று தகட்டிலே ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகல ஓட்டை விழுந்தது. 'நுரை என்ன செய்யும்' என்ற நம்பிக்கையும் அந்த ஓட்டையோடு வீழ்ந்தது. குற்றத்தை ஒளிக்காமல் அறிக்கை வெளியிட்டனர். குறை களையும்வரை, 2005 சூலை வரை, விண்ணோடங்கள் தரையிலேயே நின்றன. எந்த முனிவரின் ஏட்டிலே இப்படி 'நாங்கள் தவறினோம்' என்றொரு பக்கம் இருக்கிறது?

நம் நாட்டிலும் அந்த மரபு உண்டு. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று தாங்கியிருக்கும் பெயர் சதீஷ் தவான். காற்றோட்ட இயலில் வல்லவர். 1979 ஆகஸ்டு 10 அன்று எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தபோது, செய்தியாளர் முன்னே பொறுப்பைத் தாமே ஏற்றார். கட்டுப்பாட்டு அமைப்பின் கசிவு கண்டறியப்பட்டது. 1980 சூலை 18இல் அதே வகை ராக்கெட் வென்றது. அன்று பேசும் பெருமையைத் திட்டத் தலைவர் அப்துல் கலாமுக்கு அளித்துத் தாம் ஒதுங்கி நின்றார். இராமேசுவரத்தில் பிறந்து குரோம்பேட்டையில் பயின்ற அந்தக் கலாம், பின்னர் ஐதராபாத்தில் ஏவுகணைக்கென உருவான இலேசான பொருளைக்கொண்டு, போலியோ தாக்கிய குழந்தைகளுக்குக் கால்தாங்கி செய்ய வழிகண்டார். 3 கிலோ இரும்பை இழுத்து நடந்த குழந்தைகள், 300 கிராம் தாங்கியோடு ஓடினர். வைமானிக சாஸ்திரம் எந்தக் குழந்தையின் காலுக்கு உதவிற்று?

இளைஞர்களே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டு விமானம் வானேறாது. மேடையிலே எவர் வந்து பெருமை பேசினாலும், நாம் ஊரறிய மூன்று கேள்விகள் கேட்போம்: அளந்தது யார்? சோதித்தது எங்கே? தவறெனக் கண்டால் ஒப்புக்கொள்வீரா? விடை தருபவர் நம் நாட்டவராயினும் அயலவராயினும் தலைவணங்குவோம். விடை தராதவர் எவராயினும் கைதட்ட மறுப்போம்.

என் மாணவனுக்கு நான் சொன்னது இவ்வளவே: "தம்பி, இன்னும் எல்லாம் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால்தான் உன்னைப் படிக்கச் சொல்கிறேன்."

அவன் உட்கார்ந்தான். உடனே இன்னொரு கேள்விக்காக எழுந்தான்: "அந்த மேற்பூச்ச எப்படி சார் பூசுவாங்க?"