ஆற்றுப்படுத்த யாருண்டு?

மாணவரை அறிவியல் பக்கம் திருப்ப வேண்டும் என்று பேசும் மேடைகளில் ஒரு கதை தவறாமல் வரும். இராமேசுவரத்துக் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பறவை பறக்கும் விதத்தை விளக்கிய சிவசுப்பிரமணிய ஐயரின் கதை. நல்ல கதைதான். ஆனால் அதே அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுக'ளில் சொல்லியிருக்கும் மற்றொன்றை யாரும் எடுத்துரைப்பதில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடிக்கும் தறுவாயில்தான் தமக்கு வேண்டியது பொறியியல் என்பது அவருக்குப் புலப்படுகிறது. இண்டர்மீடியட் முடித்தவுடனேயே அதில் சேர்ந்திருக்கலாமே என்று எண்ணுகிறார். பறவையைக் காட்டிய ஆசிரியர் வாய்த்தார். எதில் சேர வேண்டும் என்று சொல்ல ஒருவர் வாய்க்கவில்லை.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இயற்பியல், வேதியியல் மாணவர்களும் பகுதி ஒன்று தமிழுக்கு எங்களிடம்தானே அமர்கிறார்கள்? 2016 மார்ச்சில் அப்படிப் படித்த இயற்பியல் மாணவன் ஒருவன் நன்னடத்தைச் சான்று கேட்டு வந்தான். ஒரு நிதி நிறுவனத்தில் தவணை வசூலிக்கும் வேலையாம். துறையிலேயே கெட்டிக்காரன். "ஜாம் எழுதினாயா?" என்றேன். "அது என்னங்க ஐயா?" என்றான். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான அத்தேர்வு பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது; விண்ணப்பமோ அதற்கு முந்தைய அக்டோபரோடு சரி. அடுத்த ஆண்டு எழுதலாம்தான். ஓராண்டு காத்திருக்க அவன் வீட்டில் வசதியில்லை. அந்தத் தேர்வின் பெயரே எனக்குப் பத்து நாள் முன்னர்தான் உறவினர் பையன் ஒருவன் மூலம் தெரியும் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உண்டு. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்ப்படுபவனிடம் வள்ளலைப் புகழ்வதோடு நிற்பதில்லை. மலைபடுகடாத்தைப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது, பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பற்றி நடப்பது, இரவில் எந்தக் குடியில் தங்கினால் என்ன சோறு கிடைக்கும் என எல்லாம் வருகின்றன. நன்னனின் பெருமையை மட்டும் பாடிவிட்டு 'முயன்றால் முடியும், போய் வாருங்கள்' என்று அனுப்பியிருந்தால் கூத்தர்கள் பாதி மலையில் பொறிக்குள் விழுந்திருப்பார்கள். நம் ஊக்கவுரைகள் அந்த ரகம்.

எளிய வீட்டுப் பிள்ளைக்கு ஊக்கம் குறைவில்லை, தேதி தெரியவில்லை என்பதே என் எண்ணம். 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய ஐசர் கல்வி நிறுவனங்கள் இன்று ஏழு. அவற்றுள் இரண்டு நம் எல்லையை அடுத்தே, திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் உள்ளன. பிளஸ் டூ முடித்தவர் அங்கே ஐந்தாண்டில் முதுநிலை வரை அறிவியல் பயிலலாம். ஆனால் நுழைவுத்தேர்வுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுகளுக்காகக் காத்திருப்பதில்லை. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவர் பட்டயம் முடித்து நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். 2023 ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர், விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல், பாலிடெக்னிக்கிலிருந்து சென்றவர்தான். அவர் படத்தைச் சுவரில் ஒட்டினோம். அவர் போன வழியை அதனடியில் எழுதினோமா?

'நான் முதல்வன்' திட்டம் 2022இலேயே வந்துவிட்டதே எனலாம். வரவேற்கிறேன். ஆயினும் தேட வேண்டிய சொல்லே தெரியாதவன் எந்த இணையதளத்தில் எதைத் தேடுவான்? ஆற்றுப்படையில் வழி சொல்பவன் அங்கே போய் வந்தவன். நம் துறைகளிலோ எந்த மாணவர் எங்கே போனார் என்ற பதிவேடே ஒழுங்காக இருப்பதில்லை. (நாக் குழு வருகிறது என்றால் மட்டும் அது ஒரே இரவில் முளைக்கும்.) அப்படிப் போன ஒருவனை ஆண்டுக்கு ஒரு மணி நேரம் அழைத்துப் பேசவைத்தால் போதும். ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் தேர்வு, தொலைவிலுள்ள தேர்வு மையம், வருமானமற்ற ஆண்டுகள் என்று கவண்கற்கள் எங்கிருந்தெல்லாம் வரும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இப்போது என் வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் நான்கைந்து தேர்வுகளின் விண்ணப்ப மாதங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். சென்ற பருவத்தில் மலைபடுகடாம் நடத்தி முடித்த அன்று அதைப் படித்துக் காட்டினேன். ஜாம் தேர்வைத் தமிழில் எழுதலாமா ஐயா என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். முடியாது என்றேன். சற்று மௌனம். பிறகு, கட்டணம் எவ்வளவு ஐயா என்றாள். பெண்களுக்கு ஏறத்தாழப் பாதிதான் என்றதும் குறிப்பேட்டைத் திறந்தாள்.