ஆப்சென்ட் ஆனவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பந்தியில் இதே பேச்சு. "நல்ல தலைவனே இல்லை. எவனுக்குப் போட்டாலும் ஒண்ணுதான்." சரி, போன தடவை ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டால், ரசம் கொண்டு வருகிறவரைக் கூப்பிடப் போய்விடுகிறார்கள்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் தருமபுரி தொகுதியில் 81 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப்பதிவு. பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை பார்க்கிறவர்கள் பேருந்தில் நின்றுகொண்டே ஊர் வந்து சேருகிற மாவட்டம் அது. மத்திய சென்னையும் தென்சென்னையும் 54ஐ ஒட்டி நின்றுவிட்டன. அதற்கும் முன்னால், 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல். சனிக்கிழமைதான். சென்னையில் நூற்றுக்கு 44 பேர்கூட வரவில்லை. குப்பை அள்ளவில்லை, வடிகால் அடைத்துக்கொண்டது என்று வருஷம் முழுக்கப் புலம்புகிற ஊர்!

கணக்கு வாத்தியார் கணக்குதான் சொல்வான். ஒரு வார்டில் 30,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 44 விழுக்காடு வந்தால் 13,200 ஓட்டு. அதில் பாதிக்கு மேல், 6,601 வாங்கினால் வெற்றி உறுதி. 80 விழுக்காடு வந்தால்? 12,001 வேண்டும். ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறவனுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் வீட்டில் படுத்திருந்தால் அவனுக்குச் செலவு பாதி மிச்சம்.

2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017இல் ஆர்.கே. நகர். 2019இல் வேலூர். பண விநியோகப் புகாரில் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்த ஊர்கள். காசு வாங்கிய ஏழையை நாம் கேவலமாகப் பேசுகிறோம். வாங்கியது தப்புதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஓட்டை மலிவாக்கிக் கொடுத்தது வராமல் போன படித்தவன். அவனை யாரும் பேசுவதில்லை.

"நல்லவர்கள் நிற்பதில்லையே சார்?" என்று கேட்பீர்கள். எப்படி நிற்பார்கள்? வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு விழும் என்றுதான் கட்சிகள் பார்க்கின்றன. ஓட்டே விழாத தெருவின் விருப்பத்தை எவன் கேட்பான்? வழக்கு உள்ளவரை நிறுத்தினால், வழக்கில்லாத ஒருவரை ஏன் நிறுத்தவில்லை என்று கட்சி காரணம் சொல்லி வெளியிட வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2020இல் உத்தரவிட்டது. அந்தக் காரணத்தை உங்களில் எத்தனை பேர் படித்தீர்கள்? வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரமெல்லாம் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே இருக்கிறது. புதுப் படத்தின் விமர்சனம் தேடிப் படிக்கிற நேரத்தில் பாதி போதும்.

ஒருவரையும் பிடிக்கவில்லையா, 2013 முதல் நோட்டா இருக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் அதற்கே அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து வந்தவர்தான் ஜெயித்தவர். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அது எண்ணிக்கையில் வரும். உங்கள் தூக்கம் எந்த எண்ணிக்கையிலும் வராது.

ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. ஆண்டுக்கு 6 கிராம சபை நடக்கிறது. வரவு செலவைக் கேளுங்கள். 21 வயதானால் ஊராட்சித் தேர்தலில் நீங்களே நிற்கலாம். தலைவர்கள் வானத்திலிருந்தா குதிப்பார்கள்?

தேர்தல் பணி பார்த்தவன் நான். முந்தின நாளே போய், வகுப்பறைத் தரையில் கொசுக்கடியில் படுத்து, விடியுமுன் எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்துவோம். கைத்தடி ஊன்றி வரும் பாட்டி கதவு திறக்குமுன் நிற்பார். மாலையில் வாக்காளர் பதிவேட்டை மூடும்போது, வராதவர்களில் பாதிப் பேர் வீடு பள்ளிக்கு எதிர்த் தெருவிலேயே இருக்கும்.

போன முறை போடாதவர்கள் காரணத்தைக் கீழே எழுதுங்கள். முகவரி மாறியிருந்தால் படிவம் 8 நிரப்புங்கள். புரியாவிட்டால் கூப்பிடுங்கள், சொல்லித் தருகிறேன். "ஊரில் இல்லை சார்" என்று மட்டும் எழுத வேண்டாம். 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. அந்த மூன்று நாளும் யார் யார் கொடைக்கானலில் நின்று படம் போட்டீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.